ஏறி ஓட ஒரு மேடு

முதல் முறையாகக் கடல் பார்க்கப் போகிறோம். எந்தக் கடற்கரை என்று முடிவு செய்ய, என் கணவர் விமல் செல்போனில் படம் படமாகக் காட்டினார். எல்லாவற்றையும் வேண்டாம் என்றேன்.

“ஏன்டி, ஒண்ணுகூடவா பிடிக்கல?”

“எல்லாம் தட்டையா கெடக்குங்க. தண்ணி பொங்கி வந்தா எங்க ஏறி ஓடுறது?”

கூடலூர்ப் பக்கத்து மலை எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். அவர் சிரித்தது எரிச்சலாக இருந்தது.

கடைசியாகக் கேரளத்து வர்க்கலாவைக் காட்டினார். மணலை ஒட்டியே உயரமான குன்று.

“இந்தா, நீ கேட்ட மேடு.”

நிம்மதியாகப் படத்தைப் பெரிதாக்கினேன். செங்குத்தாக வெட்டிவிட்டதுபோல் வெறும் சிவப்பு மண். போன மழையில் பக்கத்து லைன் வீடுகளின்மேல் சரிந்து வந்த மண்ணும் இதே நிறம்தான்.

“இதுவும் வேணாங்க.”

விமலும் உற்றுப் பார்த்தார். இப்போது சிரிக்கவில்லை. வெளியே தூறல் பிடித்திருந்தது. எழுந்துபோய்ப் பின்கதவைத் திறந்து, எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் சரிவையே பார்த்துக்கொண்டு நின்றார்.