காபி குடிக்காத காபி மாஸ்டர்

காபி வறுத்து விற்கிறவன் ஒரு வாய் காபி குடிக்க மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? சமைத்தவள் தொடாத சாப்பாட்டை நான் எந்த வீட்டிலும் தொட்டதில்லை. ஆனால் இங்கே வாயைத் திறந்து கேட்க முடியாது. நான் வந்திருப்பது வேவு பார்க்க.

என் மகள் போன வருஷம் லீவில் இந்த ஏரிக்கரைக் கிராமத்தில் தங்கி, காபி போடக் கற்றுக்கொண்டு வந்தாள். கற்றது காபி மட்டும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கல்யாணம் என்றால் அந்தக் காபி மாஸ்டரைத்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஒரே பெண். முன்பின் தெரியாதவன் கையில் எப்படிப் பிடித்துக் கொடுப்பது? தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று அவளிடம் ஒரு புளுகு, காபி கற்க வந்திருக்கிறேன் என்று இவனிடம் ஒரு புளுகு. கடை மாடியில் பெட்டியை இறக்கிவிட்டேன். ஆள் சரியில்லை என்று தெரிந்தால் அன்றோடு கல்யாணப் பேச்சுக்கு முழுக்குப் போட்டுவிடுவது என்று முடிவு.

அமைதியான ஊர். நாய்கூடக் குரைப்பதில்லை. ஏரி அசையாமல் கிடக்கிறது. இவ்வளவு அமைதியாக இருக்கிற இடத்தில் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று எனக்குப் பட்டது. போதாக்குறைக்கு, கற்றுக்கொடுக்க அவன் யாரிடமும் எதுவும் வாங்குவதில்லையாம். இந்தக் காலத்தில் எவன் சும்மா சொல்லித் தருகிறான்?

சொல்லித் தருவதில் குறை இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் கொதித்ததும் ஊற்றக் கூடாது, கொதி அடங்க வேண்டும். வடிகட்டுகிற காகிதக் கூம்பில் இருக்கிற தூளை முதலில் நனைக்க மட்டும் செய்ய வேண்டும். அது உப்பி அடங்கிய பிறகு நூல் பிடித்த மாதிரி சுற்றிச் சுற்றி ஊற்ற வேண்டும். நான் ஊற்றினால் கவிழ்த்துக் கொட்டின மாதிரி இருக்கும்.

"மெதுவாம்மா, மெதுவா. தீயா அணைக்கிறீங்க?"

"எனக்குப் பொறுமை கம்மி தம்பி. என் வீட்டுல கேட்டா சொல்லுவாங்க."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். நல்லவேளை, யார் வீட்டில் என்று அவன் கேட்கவில்லை.

காலையில் பின்னறையில் கொட்டை வறுப்பான். சுழல்கிற உருளைக்குப் பக்கத்தில் காதை வைத்து, கொட்டை வெடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நிற்பான். வறுத்ததில் ஒரு கைப்பிடி அரைத்து, ஒரு கப் போட்டு என்னிடம் நீட்டுவான். தான் குடிக்க மாட்டான். நான் குடிக்கிறபோது கண்கொட்டாமல் என் மூஞ்சியையே பார்ப்பான். போலீஸ்காரன்கூட அப்படிப் பார்க்க மாட்டான். நான் யாரென்று தெரிந்துவிட்டதோ என்று தோன்றும். அதனால் எதைக் கொடுத்தாலும் கண்ணை மூடி, "ஆஹா!" என்று தலையாட்டிவிடுவேன்.

ஒருநாள் கீழே இறங்கி வந்தால் மூக்கைத் துளைக்கிற கேஸ் வாடை. அவனோ அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று சாவகாசமாகக் கப் கழுவிக்கொண்டிருக்கிறான்.

"ஐயையோ! கேஸ் தம்பி, கேஸ்!"

ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. "கவனிக்கலைம்மா" என்றான். அதெப்படி ஒருத்தன் கவனிக்காமல் இருப்பான்? காலையிலேயே ஊற்றிக்கொண்டுவிட்டானோ என்று பக்கத்தில் போய் மோந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

மறுநாள் புது மூட்டை பிரித்தான். கொட்டை கொஞ்சம் சிறிசு. வறுத்து, அரைத்து, நீட்டினான். ஒரு வாய் குடித்தேன். அப்பப்பா! அடிப்பிடித்த பாத்திரத்தைக் கழுவிக் குடித்த மாதிரி இருந்தது. துப்ப வந்தது. அவன் கண் என் மேல் இருந்ததால் முழுங்கிவிட்டு, வழக்கம்போல் கண்ணை மூடி, "ஆஹா" என்றேன். அவன் நிம்மதியாகச் சிரித்து, மூட்டை முழுவதையும் அதே பக்குவத்தில் வறுத்துக் கட்டி அக்கரை விடுதிக்கு அனுப்பினான்.

மதியமே படகுக்காரர் அத்தனை பொட்டலத்தையும் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் போட்டார்.

"என்ன மாஸ்டர், கரியை வறுத்தா அனுப்பினே? விருந்தாளிங்க கப்போட விட்டுட்டு எழுந்து போயிட்டாங்களாம். இனிமே வேற இடத்துல வாங்கிக்கறோம்னு சொல்லிட்டாங்க."

அவர் போன பிறகு அவன் மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

"நீங்க நல்லாயிருக்குன்னு தலையாட்டினீங்களேம்மா."

"நான் ஆட்டினா? உங்களுக்கு நாக்கு இல்லையா?"

"நாக்கு இருக்கு. மூக்குதான் இல்லை." ஸ்டூலில் உட்கார்ந்தான். "காய்ச்சல்ல படுத்து எழுந்தேன், போயிடுச்சு. கசப்பு தெரியும். நல்ல கசப்பா, தீஞ்ச கசப்பான்னு தெரியாது. கத்துக்க வர்றவங்க மூஞ்சியைப் பார்த்துதான் கடை ஓடுது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"கட்டிக்கப் போற பொண்ணு ஒருத்தி இருக்கா. அவகிட்டகூட இன்னும் சொல்லலைம்மா. அவளைப் பிடிச்சதே அவ மூக்குக்காகத்தான்னு நினைச்சிடுவாளோன்னு பயம்."

அவள் நினைப்பாளோ என்னவோ, நான் அந்த நிமிஷம் அதைத்தான் நினைத்தேன். நல்ல ஆள்தான் நீ! என் பெண் என்ன உன் கடைக்கு மூக்கா? ஏறிய கோபத்தோடு மாடிக்குப் போய் மகளுக்குப் போன் போட்டேன். எங்கே இருக்கிறேன் என்று சொன்னதும் அவள் கத்தியதை இங்கே எழுத முடியாது. அவள் ஓய்ந்ததும் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். "அவனுக்கு வாசனையே தெரியாதுடி. உன்கிட்ட மறைச்சிருக்கான்."

"தெரியும்மா."

"என்னது?"

"திரிஞ்ச பாலைக் கொண்டுவந்து சிரிச்சுக்கிட்டே நீட்டினார். அன்னைக்கே தெரியும். அவரா சொல்லட்டும்னு இருக்கேன். அங்க இருந்த வரைக்கும் அவர் போட்ட காபி நல்லாயிருந்தா மட்டும்தான் சிரிச்சேன். அவர்கிட்ட மட்டும் என் மூஞ்சி பொய் சொன்னதில்லை."

அவர்கிட்ட மட்டுமா? கேட்கக் கூடாது என்று நினைத்தேன். வாய் கேட்டுவிட்டது.

"அப்ப நான் போடுற காபிக்கு, 'சூப்பர்மா'ன்னு இத்தனை வருஷமா..."

லைன் கட்டாகவில்லை. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"அம்மா..."

"வை, அப்புறம் பேசறேன்."

கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கோபம் வரும் என்று பார்த்தேன், அழுகைதான் வந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நான் இங்கே பயந்து 'ஆஹா' போட்டது போலவே, என் கப்பைக் கையில் வாங்கும்போதெல்லாம் அவள் என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே போனேன். திரும்பி வந்த பொட்டலங்களை மூலையில் தள்ளிவிட்டு, அதே கொட்டையில் இன்னொரு மூட்டையைப் பிரித்து வேறு பக்குவத்தில் வறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கப் போட்டு, பயந்து பயந்து நீட்டினான். குடித்தேன். மூக்கைச் சுளித்து, நெற்றியைச் சுருக்கி, கழுவுதொட்டியில் துப்பினேன்.

"இன்னும் தீயுது மாப்பிள்ளை. இதைக் கொட்டிட்டு மறுபடி வறுங்க. முடிச்சதும் அவளுக்குப் போன் போட்டு, மூக்கு விஷயத்தை நீங்களே உங்க வாயால சொல்லணும்."

அவன் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. மாப்பிள்ளை என்ற வார்த்தைக்கு நின்றதா, மூக்கு என்ற வார்த்தைக்கு நின்றதா, தெரியவில்லை. கண்கொட்டாமல் என் மூஞ்சியையே பார்த்தான். நன்றாகப் பார்க்கட்டும் என்று நானும் மூஞ்சியைத் திருப்பாமல் நின்றேன்.