ஹால்ஸ்டைன் கொடுத்த மூட்டை

ஹால்ஸ்டைன் நீட்டிய பியர்க் கிண்ணத்தை வாயில் வைப்பதற்கு முன் ஆர்ன்லியூட் மூன்று தடவை முகர்ந்தார். முதல் தடவை ஆல்டர் விறகுப் புகை வந்தது. இரண்டாவது தடவையும் அதுவே வந்தது. மூன்றாவது தடவை, சத்தியமாக, ஜெர்மனி வந்தது.

ஸ்டியோர்டால் பள்ளத்தாக்கின் அந்தச் சரிவில் ஐந்து வீட்டுக்குப் பொதுவாக ஒரு மால்ட் கொட்டகை. அவரவர் வயல் பார்லியை அவரவர் முளைகட்டி, அங்கே புகையில் காயவைத்து, அந்த மால்ட்டில்தான் வீட்டு பியர் காய்ச்ச வேண்டும். வெளிநாட்டு மூட்டையோடு பிடிபட்டவன் கொட்டகைச் சாவியைத் திருப்பித் தர வேண்டும். சாவி போனவனைச் சவ ஊர்வலத்தில்கூடக் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார்கள், அதுவும் அவனுடைய சவ ஊர்வலத்தில் என்பது ஆர்ன்லியூட்டின் பயம். இந்த வருடம் நோவாவே சலித்துக்கொள்ளும்படி மழை பெய்து, அவருடைய பார்லி கதிரிலேயே முளைத்துக் கறுத்துவிட்டது. மூன்று வாரத்தில் அவருக்கு எழுபது. விருந்துக்கு எண்பது பேர். சொந்த பியர் இல்லாமல் எழுபதைத் தொடுவதற்கு அறுபத்தொன்பதிலேயே போய்ச் சேரலாம்.

நகரத்துக் கடையில் ஜெர்மன் மால்ட் மலையாகக் குவிந்திருந்தது. வாங்கிவந்து கொஞ்சம் புகை காட்டினால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் ஊரில் தான் ஒருவன் மட்டும் திருடனாக இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. ஹால்ஸ்டைனும் திருடன் என்று தெரிந்துவிட்டால் நிம்மதியாகக் கடைக்குப் போகலாம். இருவர் வயலுக்கும் நடுவே ஒரு கம்பிவேலிதான். கம்பிவேலி மழையைத் தடுக்குமா என்ன? போதாக்குறைக்கு, காய்ந்த மால்ட்டிலிருந்து தேய்த்து உதிர்க்கும் முளைவேரை எல்லாரும் ஆட்டுக்குத்தான் போடுவார்கள். ஹால்ஸ்டைனின் ஆட்டுத் தொட்டியை உலாவப் போகும் சாக்கில் நான்கு நாள் எட்டிப் பார்த்தாயிற்று, ஒரு வேர்கூட இல்லை. கடை மால்ட்டில்தான் வேர் இருக்காது. ஆடு என்ன தின்கிறது என்று பார்க்கப் பைனாகுலரோடு போன ஒரே மனிதர் என்று மனைவி குட்னி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

"சுங்கத்து நாய் மாதிரி மோந்தியே, என்ன கெடச்சுது?" என்றார் ஹால்ஸ்டைன்.

"நல்லாருக்கு. ரொம்பவே நல்லாருக்கு. வேரெல்லாம் எங்கய்யா? ஆட்டுக்குப் போடலையே."

ஹால்ஸ்டைன் தன் கிண்ணத்தை நிதானமாக நிரப்பிக்கொண்டார். "கோழிக்குப் போட்டேன்."

"உங்கிட்ட ஏதுய்யா கோழி?"

"இருந்துச்சு. நரி தூக்கிட்டுப் போயிடுச்சு."

பிறகு உள்ளே போய், எழுத்தே இல்லாத ஒரு துணிமூட்டையை இழுத்துவந்து ஆர்ன்லியூட்டின் காலடியில் போட்டார். "உன் வயல் போனது எனக்குத் தெரியாதா? எழுபதுக்குத் தண்ணியா ஊத்தப்போற? எடுத்துட்டுப் போ. யாராவது கேட்டா உன்னோடதுன்னே சொல்லிக்க."

ஆர்ன்லியூட் ஒரு மணியை எடுத்துக் கடித்தார். இனிப்பு, புகை. புகை கடைச் சரக்குபோல உமியில் மட்டுமா, கொட்டகையில் காய்ந்ததுபோல உள்ளேயும் ஏறியிருக்கிறதா? நாக்கு இரண்டு பக்கமும் சாட்சி சொன்னது.

"எங்க வெளஞ்சது?"

"வயல்ல."

எடுத்துக்கொண்டால் அப்புறம் ஆயுளுக்கும் வாயைத் திறக்க முடியாது. எடுக்காவிட்டால் எண்பது வறண்ட தொண்டைகள். காலால் உந்தித் தள்ளும் சறுக்குவண்டியில் மூட்டையை ஏற்றிக்கொண்டு அவர் புறப்பட்டார்.

வழியில் இருப்பது கொட்டகையின் இன்னொரு பங்குக்காரி போர்கில்டின் வீடு. வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். நிற்காமல் போவது மரியாதை இல்லை. நின்றார். குளிரைப் பற்றிப் பேசினார்கள். எழுபதைப் பற்றிப் பேசினார்கள். பனி மறுபடி விழ ஆரம்பித்து மூட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளையாக்கியது. ஆர்ன்லியூட் அதைத் தட்டிவிடவில்லை, இன்னும் விழட்டும் என்றிருந்தார். போர்கில்ட் கையுறையைக் கழற்றி, அவருக்கு உதவி செய்கிறவளாக, மூட்டையின் மேலிருந்த பனியை மெல்லத் தட்டிவிட்டாள். தட்டி முடித்த பிறகும் கையை எடுக்காமல், துணிக்குள் இருந்த மணிகளை விரலால் நெருடிப் பார்த்தாள்.