நாலு முனை நட்சத்திரம்

கண்ணுகளா, இது எழுபத்தேழாம் வருஷத்துக் கதை. கார்த்திகை மாதம். ஆந்திரக் கரையில் பெரும்புயல் அடித்து ஓய்ந்திருந்தது. இங்கே திருவண்ணாமலையில் மலைமேல் தீபம் எரிந்துகொண்டிருந்தது. பொழுது சாய்ந்தால் ஊரே அண்ணாந்து பார்க்கும்.

தனம் மட்டும் பஸ் வரும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் அப்பாதுரை லாரி டிரைவர். மல்லாட்டை, அதான் நிலக்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு அந்தக் கரைக்குத்தான் போயிருந்தான். லாரி சேற்றில் கவிழ்ந்து கிடப்பதாகத் தகவல் வந்தது. ஆள் கிடைக்கவில்லை.

சர்ச்சுக்குப் பின்தெருவில் பதினோரு கிறிஸ்தவ வீடுகள். டிசம்பர் பிறந்தால் வாசலுக்கு வாசல் காகித நட்சத்திரம் தொங்கும். சாவு விழுந்த வீட்டில் மட்டும் அந்த வருஷம் கட்டமாட்டார்கள். வெறும் வாசலைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

அப்பாதுரையின் அக்கா ஞானமணி, அழுது வீங்கிய கண்ணோடு வந்தாள்.

"தனம், வர்ற ஞாயித்துக்கெழம ஜெபம் வச்சுடலாம்னு சர்ச்சு ஐயர் சொல்றாரு."

"எதுக்கு அண்ணி?"

"எதுக்குன்னு கேக்கறியே. தம்பிக்குத்தான்."

தனம் நிமிரவில்லை. மூங்கில் பிளாச்சை வளைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி பண்றே?"

"நட்சத்திரம்."

"பைத்தியமா உனக்கு? தெரு சிரிக்கும். கடலே ஊருக்குள்ள வந்துச்சாம். அதுல ஒரு ஆளு பொழைப்பானா?"

"பொழைக்க மாட்டாங்கதான் அண்ணி. எனக்கும் தெரியுது. ஆனா கர்த்தர் இன்னும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

ஞானமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனவள், அப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை.

வருஷா வருஷம் நட்சத்திரம் கட்டுவது அப்பாதுரைதான். தனத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஐந்து முனை வரவேண்டிய இடத்தில் நாலுதான் வந்தது. அதையே சிவப்புத் தாளில் ஒட்டி, உள்ளே சின்ன பல்பு போட்டு வாசலில் தொங்கவிட்டாள்.

மேலே மலையுச்சியில் ஒரு வெளிச்சம், கீழே இவள் வாசலில் ஒரு வெளிச்சம். நடுவில் இருட்டிக்கொண்டு வரும் ஊர் புகைபோல மிதந்தது. மலைத் தீபம் பதினோரு நாளில் அணைந்தது. இவள் தன்னுடையதை அணைக்கவில்லை.

"ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா வர்ற ஆளுக்கு வீடு தெரியணுமே." அவள் ஜெபம் அவ்வளவுதான்.

ஒருநாள் வாசற்படியிலேயே கண்ணசந்தாள். செங்கம் ரோட்டில் கடல் சத்தமில்லாமல் ஏறி வந்தது. அதில் தெருவின் நட்சத்திரங்களெல்லாம் மிதந்தன. யாரோ ஒருவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, நனையாத காலோடு அதன்மேல் நடந்து வந்தார். முகம் தெரிவதற்குள் விழித்துக்கொண்டாள். புடவைக் கரை மட்டும் பனியில் ஈரமாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விடியற்காலை. மார்கழிப் பனியில் தெருமுனையில் ஒருவன் கோலூன்றி நின்றான். தாடி, கட்டுப்போட்ட கால். பனைமரத்தைக் கட்டிப் பிடித்துப் பிழைத்து, பள்ளிக்கூடத்துத் தரையில் ஒரு மாதம் கிடந்தவன். எழுதச் சொன்ன கடுதாசி வந்து சேரவேயில்லை. பஸ்ஸில் உள்ளூர்க்காரர் ஒருவர், ஆளை அடையாளம் தெரியாமல், அவனிடமே சொன்னாராம்: "பாவம், நம்ம அப்பாதுரை போயிட்டாம்பா."

அதைக் கேட்டதிலிருந்து அவனுக்கு வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. வாசல் வெறுமையாக இருந்தால் என்ன செய்வது? தன்னை அழுது முடித்துவிட்ட வீட்டுக்குள் எப்படி நுழைவது?

பனியில் வெளிச்சங்களை எண்ணினான். பத்து. பதினோராவதாக, கோணலாக ஒன்று.

தனம் தண்ணீர் தெளிக்கக் கதவைத் திறந்தபோது அவன் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். சொம்பு கைநழுவி உருண்டது.

"இன்னாடி இது, நட்சத்திரமா காத்தாடியா?"

"உங்களுக்குத் தெரிஞ்சுதுல்ல, அது போதும்" என்றவள், அப்படியே படியில் உட்கார்ந்து விம்மினாள். எதிர்வீட்டுக் கதவுகள் திறந்தன. யாரோ ஞானமணி வீட்டை நோக்கி ஓடினார்கள்.

அவன் கோலைச் சாத்திவிட்டு, "ஒரு பிளாச்சு குடு, அஞ்சாவது முனைய வெக்கறேன்" என்றான்.

"வேணாம். அது அப்படியே இருக்கட்டும்" என்றாள்.