ஒரு நிமிஷத்து எண்ணெய்

கடிகாரம் ரிப்பேர் பார்ப்பவருக்குக் காதுக்குள் ஏதோ கோளாறு. சட்டென்று திரும்பினாலே தலை கிறுகிறுக்கும். அப்படிப்பட்ட மனுஷன் எதன்மேல் ஆசை வைத்தார் என்கிறீர்கள்? கம்பியில் கட்டிப் பறக்கவிடும் பொம்மை விமானத்தின் மேல். இரண்டு மெல்லிய கம்பிகள், ஒரு முனை விமானத்தில், மறுமுனை கையிலிருக்கும் கைப்பிடியில். மணிக்கட்டை மேலே மடக்கினால் விமானம் ஏறும், கீழே மடக்கினால் இறங்கும். அது வட்டமடிக்க, நடுவில் நிற்பவரும் கூடவே சுற்றியாக வேண்டும். பாதியில் நிறுத்த வழியில்லை. எண்ணெய் தீர்ந்து எஞ்சின் அடங்கும்வரை சுற்றல்தான்.

“தலை சுத்துதுன்னு டாக்டர்கிட்ட போன ஆளு, சுத்துறதையே வேலையா வச்சிருக்காரு” என்பாள் மனைவி. கிண்டலாகச் சொன்னாலும் உள்ளுக்குள் பயம். இது தீராது, போகப் போகக் கூடும் என்று டாக்டர் சொன்னபோது அவளும் பக்கத்தில்தான் இருந்தாள்.

கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே பலகை போட்டுப் பதினோரு மாதம் உழைத்திருந்தார். தக்கை போன்ற மரத்தைப் பிளேடால் சீவி, ஒட்டி, மெல்லிய தாள் போர்த்தி, வார்னிஷ் பூசி முடித்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“ஒரே ஒரு நிமிஷம். நேராப் பறக்குதான்னு பாத்துட்டு சுவத்துல மாட்டிடறேன். அப்புறம் தொடவே மாட்டேன்.”

ஒரு நிமிடம் தாங்கும் என்பது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. மொட்டை மாடியில் வெறுங்கையோடு நின்ற இடத்திலேயே சுற்றிப் பார்த்திருந்தார். ஒன்றரை நிமிடத்தில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டதை மட்டும் மனைவியிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆலைக்குப் பின்னாலிருந்த காலி மைதானம். விமானத்தைப் பிடித்து விட ஓர் ஆள் வேண்டுமே. மனைவியின் தம்பி வந்தான். பஸ் டிரைவர், மாமா என்றால் அவனுக்கு உயிர்.

“ஒரு சிரிஞ்சுதான் ஊத்தணும். இருபது மில்லி. ஒரு நிமிஷத்துக்குச் சரியா வரும்” என்று சொல்லிவிட்டு, அவர் நடுவே போய்க் கைப்பிடியை எடுத்துக்கொண்டார். மனைவி சுவரோரம் நின்றாள். தம்பி எண்ணெய் ஊற்றி, எஞ்சினை முடுக்கி, கையை விட்டான்.

விமானம் எழுந்தது. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு சாய்வு இல்லை. இத்தனை வருஷத்தில் அவர் செய்தவற்றில் எதுவும் இப்படிப் பறந்ததில்லை. அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. வாய் தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது.

எஞ்சின் அடங்கவில்லை. எழுபது. சத்தம்கூடக் குறையவில்லை. விநாடிக் கணக்கில் தப்புகிறவரா அவர்? என்ன நடந்திருக்கிறதென்று புரிந்துவிட்டது. எண்பதில் தரை ஒருபக்கமாகத் தூக்கியது. சுவரோரம் மனைவி இரண்டாகத் தெரிந்தாள். தாம் விழுந்தால் கம்பி தளரும். இத்தனை வேகத்தில் விமானம் யார்மேல் போய் மோதுமோ. “தள்ளிப் போ” என்று கத்தினார். எஞ்சின் இரைச்சலில் யார் காதில் விழும்?

அவள் இல்லாத பக்கம் விமானம் வந்ததும், மணிக்கட்டைத் தாமே கீழே மடக்கினார்.

தரையில் குத்திய சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் விழுந்தார்.

“நல்லாத்தானே மாமா பறந்துச்சு, ஏன் இறக்கிட்டீங்க?” மைத்துனன் ஓடி வந்தான். “பதினோரு மாசம் பாடுபட்டிருக்கீங்க. ஒரு நிமிஷம் எப்படிப் போதும்னு நான்தான் டேங்க ரொப்பி விட்டேன். ஆசை தீர ஓட்டட்டும்னு.”

பாவி, வெறுப்பில் செய்திருந்தாலாவது நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருக்கலாம். புல்லில் கவிழ்ந்து கிடந்த அவருக்கு அழுகைதான் வந்தது. அதைப் பார்த்ததும் டிரைவரின் முகம் வெளிறியது. மனைவி உடைந்த துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“விடுங்க. இன்னொண்ணு செஞ்சுக்கலாம்.”

“செய்யலாம்” என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. “ஓட்டுறது யாரு?”

அவள் பையின் வாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். தம்பி சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.