இந்த ஒலியைப் பயன்படுத்து

நிகோலின் பக்கத்தில் அவள் முகமும் இருக்காது, பெயரும் இருக்காது. தனக்குப் பிடித்த நடிகரின் படக்காட்சிகளை வெட்டி ஒட்டி, பாட்டு சேர்த்து வெளியிடுவாள். மலேசியாவின் குருண் ஊரில் ஒரு தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்கப் பேசாமல் வேலை பார்ப்பவளை, அங்கே முன்பின் தெரியாதவர்கள் "அட்மின் கெத்து" என்று பாராட்டினார்கள்.

புதுப் படத்தில் நடிகர் செத்துத் தாய் மடியில் கிடந்தார். எந்தப் பாட்டும் அந்தக் காட்சிக்குப் பொருந்தவில்லை.

கோலா கெத்தில் ஊர்ப் பக்கம் அவர்கள் வாழும் ரப்பர் தோட்டத்து மாதா கோயிலில், பெரிய வெள்ளிதோறும் மாதா புலம்பல் பாடுவது நிகோலின் அம்மா பிலோமினாதான். சிலுவையிலிருந்து இறக்கிய மகனைப் பார்த்துத் தாய் அழும் பாட்டு. அடுப்படியில் அவர் பாடிப் பழகியதை நிகோல் பதிவு செய்திருந்தாள்.

"தூக்கிப் பால் கொடுத்தப்ப பாரமில்லையே ராசா, இறக்கி மடியில வச்சப்ப கனக்குதே ராசா..."

"அம்மா, இத என் வீடியோல வைக்கட்டா?"

"ஐயோ, சினிமாக்காரனுக்கா?" அம்மா சிரித்தார். பிறகு, "வை லா. அவனும் ஒருத்தி பெத்த புள்ளதான?" என்றார்.

ரசிகர்கள் அழுதார்கள். 'யார் இந்த அம்மா? உடம்பு சிலிர்க்குது' என்று எழுதினார்கள். நிகோல் வாசித்துக் காட்டியபோது, அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டார்.

வீடியோவின் அடியில் 'இந்த ஒலியைப் பயன்படுத்து' என்று ஒரு பொத்தான் இருக்கும். நிகோல் அதை மூடவில்லை. யாரோ அதைத் தட்டி, கெடா மாநிலக் கால்பந்து அணி கோல் வாங்கிய காட்சிக்கு அம்மாவின் குரலை வைத்தான். அடுத்தவன் சாக்கடையில் விழுந்த மோட்டார் சைக்கிளுக்கு வைத்தான். ஒருவன் நாசி கண்டார் சோற்றைத் தின்றுவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டே 'கனக்குதே ராசா'வுக்கு வாயசைத்தான்.

"ஏய், இத பாரேன்!" ஆய்வுக்கூடத்தில் சமந்தா போனை நீட்டினாள். "சிரிச்சே செத்தேன்டி. இந்த ஒப்பாரி ஆன்ட்டி எந்த ஊரு லா?"

"தெரியல," என்றாள் நிகோல்.

தன் வீடியோவை அழித்தாள். குரல் மற்றவர்களின் வீடியோக்களில் ஓடிக்கொண்டே இருந்தது.

"இன்னிக்கு என்னா எழுதியிருக்காங்க?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "உருக்கமா இருக்காம்மா" என்று தானே இட்டுக்கட்டிச் சொன்னாள்.

பெரிய வெள்ளி நெருங்கியது. அம்மா ஐஸ் தண்ணீரை விட்டுவிட்டார்.

"அம்மா, இந்த வருஷம் ஜேன் ஆன்ட்டி பாடட்டுமே."

"ஏன்? ஊரே கேக்குது, கோயில்ல நான் பாடக்கூடாதா?"

உண்மை நிகோலின் வாய்வரை வந்தது. அம்மா தொண்டைக்கு மிளகுத் தண்ணீர் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

அன்று கோயிலில் அம்மா முதல் வரியை எடுத்ததுமே பின் வரிசையில் இளைஞர்களின் தலைகள் குனிந்தன. 'கனக்குதே' வந்தபோது தோள்கள் குலுங்கின. ஒருத்தி கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டாள். பீடத்தருகே நின்ற அம்மா அதைப் பார்த்தார். கடைசி 'ராசா'வை என்றும் இல்லாத அளவுக்கு இழுத்தார். தோள்கள் இன்னும் குலுங்கின.

காரில் அம்மாவின் குரல் கம்மியிருந்தது.

"பாத்தியா? முன்னெல்லாம் போனையே நோண்டிக்கிட்டு இருக்கும். இன்னிக்குப் புள்ளைங்க எல்லாம் குலுங்கிக் குலுங்கி அழுதுச்சு."

நிகோல் சாலையைப் பார்த்து ஓட்டினாள்.

"ஒரு பையன் போன்ல எடுத்தான். அத வாங்கிப் போடு லா. நாலு பேரு கேக்கட்டும்."

"கேப்பாங்கம்மா," என்றாள் நிகோல்.