எட்டு மணிச் சோறு

ஜப்பான்காரன் வந்ததும் முதல் வேலையாகக் கடிகாரத்தில்தான் கை வைத்தான். சூரியன் மலாக்காவில் உதித்தாலும் மணி தோக்கியோவில் அடித்தது. பழைய கணக்கில் ஐந்தரை என்றால் புதுக்கணக்கில் ஏழு. முள்ளைத் திருப்பிவிடலாம், வயிற்றைத் திருப்ப முடியுமா? மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் இருந்தவர்களுக்கு எந்த மணியிலும் பசித்தது. அதனால் யாரும் இந்த மாற்றத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏகாம்பரத்தைத் தவிர. அவனுக்கு மணி முக்கியம். நான்கு மணிக்கு ஒரு சாப்பாடு, ஏழு மணிக்கு ஓட்டம், எட்டு மணிக்கு இன்னொரு சாப்பாடு.

ஊரெல்லாம் மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு உப்பிக் கிடந்தபோது இவன் மட்டும் இரண்டு வேளை சோற்றைத் தின்றுவிட்டு செரிப்பதற்கு ஓடினானா என்று கேட்டால், பார்த்தவர்கள் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். காரணம் வேறு. அது நல்ல காரணமும்கூட. இந்தக் கதையில் அதுதான் சங்கடம்.

ஏகாம்பரம் தபால் ஆபீஸ் பியூன். சைக்கிளைப் பட்டாளத்துக்காரர்கள் எடுத்துக்கொண்ட பிறகு கடிதப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ஊரைச் சுற்றி வந்தான். காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் மனைவி கமலவேணியோடும் ஐந்து மாதக் குழந்தை ஜெயாவோடும் குடியிருந்தான். ஜெயா ஒரு தினுசான குழந்தை. யார் தூக்கிக் கொஞ்சினாலும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டிருக்கும். அப்பனைக் கண்டால் மட்டும் பொக்கை வாய் தெரியச் சிரிக்கும். அதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை.

மார்ச் மாதம் ஒருநாள் பக்கத்து வீட்டு அலமேலு வந்து குழந்தையைத் தூக்கிப் பார்த்தாள். தலைமுறைகளாக மலாய் பேசும் மலாக்காச் செட்டிக் குடும்பத்துப் பெண், நெற்றியில் திருநீறும் பேச்சில் மலாயுமாக இருப்பவள். கையில் குழந்தையை இரண்டுமுறை ஏந்தி எடை பார்த்துவிட்டு, தாய்க்குப் பால் போதவில்லை, அவளுக்குச் சோறு போடு, கிழங்கு தின்று பால் ஊறாது என்று மலாயில் அவனிடம் பட்டென்று சொன்னாள். சொன்னதோடு நில்லாமல் மறுநாள் வேலிக்கு மேலே இரண்டு பப்பாளிக்காயை நீட்டினாள். கூப்பனுக்குக் கிடைத்ததோ கெடாமலிருக்கச் சுண்ணாம்பு போட்டு வைத்து அந்த வாடை அடிக்கும் பழைய அரிசி. நாளுக்கு ஒரு பால் டின் அளவு அரிசி போட்டால் மாதம் ஓடும். அதற்கு மேல் ஒரு பருக்கை கிடையாது.

அந்த வாரமே ஆபீசில் அறிவிப்பு வந்தது. ஏப்ரல் கடைசியில் ஜப்பான் சக்கரவர்த்தி பிறந்தநாளுக்குப் பாடாங் மைதானத்தில் விளையாட்டுப் போட்டி. சர்க்கார் ஊழியர்களுக்கு ஐந்து மைல் ஓட்டம். முதலில் வருகிறவருக்கு அரை மூட்டை அரிசி, சுண்ணாம்பு போடாத சயாம் அரிசி. இரண்டாவதாக வருகிறவருக்கு ஒரு பாட்டில் தேங்காயெண்ணெய். அரை மூட்டை என்றதும் ஏகாம்பரத்துக்கு ஜெயாவின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. பொய் சொல்லக்கூடாது, முதலில் அந்த முகம்தான் வந்தது.

தபால் ஆபீசின் பெரிய குமாஸ்தாவான தலைமைக் கிராணி அப்பாசாமி பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஓட்டப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தவர். எத்தனை பேர் ஓடினார்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அவர்தான் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து விதிமுறைகளைச் சொன்னார்.

"இங்க பாரு ஏகாம்பரம், வெறும் வயித்துல ஓடுனா மயக்கம் போட்டு விழுவ. முட்டத் தின்னுட்டு ஓடுனா வாந்தி எடுப்ப. ஓடுறதுக்கு மூணு மணி நேரம் முந்தி சாப்பிடணும். ஓடி முடிச்ச கையோட இன்னொரு தரம் சாப்பிடணும். ரெண்டு தரமும் சோறுதான், ஊபிக் கெழங்கு கூடாது. தட்டுல போட்டது எதுவும் மிஞ்சக் கூடாது, எல்லாம் உடம்புக்குள்ள போவணும்."

"ரெண்டு தரமும் சோத்துக்கு எங்க போறது கிராணியாரே?"

"அத நீயும் உன் வீட்டுக்காரியும் பேசிக்குங்க. ஒரு மாசந்தானே."

வீட்டில் பேசிக்கொள்ள ஒன்றுமே இருக்கவில்லை. அவன் சொல்லி முடிப்பதற்குள் கமலவேணி, "மூணு மணிக்கே ஒலை வெச்சுடறேன். பாதி நாலு மணிக்கு, பாதி எட்டு மணிக்கு" என்றாள்.

"அப்ப உனக்கு?"

"புள்ளைக்குப் பால் குடுக்கறவளுக்கு ராத்திரி வரைக்கும் பசி தாங்குமா? நான் முன்னாடியே எடுத்துச் சாப்பிட்டுக்குவேன். நீங்க ஓடுறதப் பாருங்க."

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் சாப்பிட்டு எழுந்த தட்டில்தான் அவள் போட்டுச் சாப்பிடுவாள். அவனும் கடைசியில் ஒரு பிடியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் எழுவான். அரிசித் தட்டுப்பாடு வந்த பிறகும் அந்தப் பிடி சிறுத்ததே தவிர நின்றதில்லை. இப்போது அவள் முன்னாடியே சாப்பிட்டுவிடுவதால் ஒதுக்கி வைக்கத் தேவையில்லாமல் போனது. கிராணியாரும் மிஞ்சக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஏகாம்பரம் தட்டை வழித்துத் தின்னத் தொடங்கினான். கணவனுக்கு முன்னால் ஒருநாளும் வாயில் சோறு வைக்காத பெண்பிள்ளை திடீரென்று முன்னாடியே சாப்பிடுகிறாள் என்பதை அவன் நம்பினான். நம்பினான் என்று சொல்வது அவனுக்குக் கொடுக்கும் மரியாதை. நம்பினால்தான் வசதி, அதனால் நம்பினான்.

தினமும் ஏழு மணிக்கு அரைக்கால் சட்டையோடு கிளம்பி, செங் ஊருக்குப் போகும் சாலையில் இரண்டரை மைல் போய்த் திரும்புவான். முச்சந்தியில் காவலுக்கு நிற்கும் சிப்பாய்க்கு முன்னால் ஓட்டத்தை நிறுத்தி, இடுப்பு வரை குனிந்து வணங்கி, மறுபடி ஓட வேண்டும். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. எட்டு மணிக்கு வீட்டு வாசலில் கால் கழுவும்போது சோற்று வாசனை வரும். நாளாக ஆக அந்த வாசனைக்காகவே அவன் கால்கள் வேகமாக வந்தன. உடம்பு இறுகியது. மூச்சு வாங்குவது குறைந்தது. ஜெயா அழுவது மட்டும் குறையவில்லை. அரிசி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்தான்.

பந்தயத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் முச்சந்தியில் பட்டாள லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. சிப்பாய் துப்பாக்கியை ஆட்டி எல்லோரையும் விரட்டினான். ஏகாம்பரம் வந்த வழியே திரும்பி, பெரிய சாலையை விட்டு வீடுகளுக்குப் பின்னாலிருந்த சந்து வழியாக வந்துசேர்ந்தான். மணி ஏழே கால்கூட இருக்காது. வெயில் இன்னும் சாய்ந்துகொண்டிருந்தது. அடுப்படியின் பின்கதவு திறந்திருந்தது.

கமலவேணி கதவுக்கு முதுகைக் காட்டி அடுப்போரம் உட்கார்ந்திருந்தாள். தோளில் ஜெயா. முன்னால் ஒரு கிண்ணத்தில் வேகவைத்த கீரையும் பப்பாளிக்காயும். கையில் அவனுடைய தட்டு, நான்கு மணிக்கு அவன் வழித்துத் தின்றுவிட்டுப் போன அதே தட்டு. அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, விரலால் ஓரமெல்லாம் தேய்த்து, ஒட்டியிருந்த நாலு பருக்கையையும் கரைத்து, தட்டைச் சாய்த்துக் குடித்தாள். பக்கத்தில் சோற்றுப் பானை மூடியிருந்தது. மூடியின் மேல் ஒரு கல். எட்டு மணிச் சோறு எறும்புக்கும் எலிக்கும் மட்டுமல்ல, அவளுக்கும் எட்டாதபடி பத்திரமாக இருந்தது.

ஜெயா தாயின் தோளுக்கு மேலாக அவனைப் பார்த்தது. பார்த்ததும் சிரித்தது.

ஏகாம்பரம் உள்ளே போயிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். சந்துக்குப் போனான். எட்டு மணிக்கு வரவேண்டியவன் ஏழே காலுக்குப் போய் நின்றால் அவளுக்குச் சங்கடமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உண்மையில் சங்கடம் யாருக்கு என்று அவனுக்குத் தெரியும். அந்தச் சந்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக, முக்கால் மணி நேரம் ஓடினான். கோழிகள் சிதறி ஓடின. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அலமேலு எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

எட்டு மணிக்கு முன்வாசலில் கால் கழுவினான். தட்டு கழுவித் துடைத்துப் பளபளவென்று வைக்கப்பட்டிருந்தது. கமலவேணி சோற்றைப் போட்டாள், மிளகு ரசத்தை ஊற்றினாள்.

"நீ சாப்பிட்டியா வேணி?" என்று கேட்டான். தெரிந்துகொண்டே கேட்டான்.

"அப்பவே சாப்பிட்டுட்டேன்."

பாதியை ஒதுக்கிவிடுவது என்று சந்தில் ஓடும்போதே முடிவு செய்திருந்தான். முதல் வாய் வைத்தான். இரண்டாவது வாய். பசி என்று சொன்னால் அது சாக்குச் சொல்வதாகிவிடும். கை தானாகப் போய்க்கொண்டே இருந்தது என்று சொன்னால் அதுவும் சாக்குதான். அவள் எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நிமிரவேயில்லை. தட்டு காலியானதும் எழுந்து கை கழுவப் போனான். அந்த நேரம் அவன் மேல் அவனுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வயிறு நிறைந்திருந்தது.

மறுநாள் நான்கு மணிக்கும் உட்கார்ந்தான். மறுநாள் எட்டு மணிக்கும். இன்னும் பதினோரு நாள்தானே, ஜெயித்துவிட்டால் அரை மூட்டையும் அவளுக்குத்தானே என்று கணக்குப் போட்டுக்கொண்டான். ஒவ்வொரு நாளும் அந்தக் கணக்கைப் புதிதாகப் போடவேண்டியிருந்தது. நீ சாப்பிட்டியா என்று கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டான். அந்த அளவுக்காவது வெட்கம் இருந்தது.

பந்தயத்தன்று பாடாங்கில் நல்ல கூட்டம். கொடியைக் கும்பிட்டு, கிழக்குப் பக்கம் திரும்பிக் குனிந்து, பிரசங்கம் கேட்டு முடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. ஓட்டம் தொடங்கியபோது பதினேழு பேர். நான்கு மைலுக்குப் பிறகு அவனுக்கு முன்னால் ஒரே ஒருத்தர், நெட்டையான ஒரு போலீஸ்காரர். விலா பிடித்துக்கொண்டது. இரண்டாவதாக வந்தாலும் எண்ணெய் கிடைக்குமே என்று உடம்பு கெஞ்சியது. எண்ணெயோடு போய் எப்படி அவள் முன்னால் நிற்பது? தோற்றுவிட்டால் தின்ற சோறு வெறும் தின்ற சோறாகிவிடும். அந்தப் பயம்தான் அவனைப் பிடரியில் அடித்து ஓட்டியது. எட்டடி வித்தியாசத்தில் ஜெயித்தான்.

அப்பாசாமி கிராணியார் தாமே ஓடி ஜெயித்தது மாதிரி எல்லோருக்கும் கை கொடுத்தார். மூட்டையை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். வாசலில் நின்று அவர் சத்தமாகச் சொன்னார்.

"பாத்தியாம்மா கமலவேணி, உன் வீட்டுக்காரன் உனக்காவ ஓடி ஜெயிச்சுட்டு வந்திருக்கான். குடுத்து வெச்சவ நீ."

"ஆமாங்க" என்றாள் கமலவேணி.

அலமேலுவுக்கு ஒரு டின் அரிசியை அளந்து கொடுத்தனுப்பிவிட்டு, அன்றைக்குப் பானை நிறையப் பொங்கினாள். சுண்ணாம்பு வாடை இல்லாத சோறு. ஆவி வீடு முழுக்கச் சுற்றியது. தட்டை வைத்து மலைபோலப் போட்டாள். ஏகாம்பரம் நாலு வாய் சாப்பிட்டான். பிறகு தட்டின் நடுவில் கோடு போட்டதுபோல் பிரித்து, பாதிக்கு மேல் ஒரு பக்கமாக ஒதுக்கி, தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

"இது உனக்கு. இன்னிமே இப்பிடித்தான்."

அவள் தட்டைத் திரும்ப அவன் பக்கமே தள்ளினாள்.

"பானையில நிறைய இருக்குங்க" என்றாள். "இது இன்னைக்கு வேணாம். அன்னைக்கு வெச்சிருந்தீங்கன்னா ஒரு வாய் தின்னுருப்பேன்."

"என்னைக்கு?"

"லாரி போன அன்னைக்கு. பாப்பா சிரிச்சா. உங்களத் தவிர யாரப் பாத்து அவ சிரிக்கப் போறா? திரும்பிப் பாத்தேன், சந்துல உங்க முதுகு தெரிஞ்சுது."

ஏகாம்பரத்துக்கு அப்போதுதான் விளங்கியது. அப்படியென்றால் அன்றைக்கு அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது சும்மா இல்லை. ஒரு பிடி மிஞ்சுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகும் இருபத்திரண்டு வேளை, ஒவ்வொரு வேளையும் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "எட்டு மணி வரைக்கும் எங்க இருந்தீங்க?"

பொய் சொல்ல அவனுக்கு எதுவும் தோன்றவில்லை.

"பின்சந்துல ஓடிக்கிட்டு இருந்தேன்."

"அவ்வளவு நேரமுமா?"

"ம்."

அவள் தலையை ஆட்டினாள். "அதான் அன்னைக்கு அவ்வளவு பசி" என்றாள்.

பிறகு எழுந்துபோய் இன்னொரு தட்டை எடுத்து வந்தாள். விருந்தாளிக்கென்று வைத்திருந்த தட்டு. பானையிலிருந்து தானே போட்டுக்கொண்டு, ஜெயாவை மடியில் கிடத்தி, அவனுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடத் தொடங்கினாள். கல்யாணமான இந்த மூன்று வருஷத்தில் அவள் சாப்பிடுவதை அவன் பார்ப்பது இது இரண்டாவது தடவை.

ஏகாம்பரம் ஒதுக்கிவைத்ததையும் தானே தின்று முடிக்க வேண்டியிருந்தது. அரிசியை வீணாக்க முடியாது, அவளும் வாங்கிக்கொள்ளப் போவதில்லை. முடித்ததும் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு பின்கதவுக்குப் போனான். தண்ணீர் ஊற்றி விரலால் தேய்த்தான். நாலு பருக்கை மிதந்தது. அந்தத் தண்ணீரைக் கொட்டக் கை வராமல் அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.