சாவடியில் ஓர் இருமல்

சிலமலையிலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் கற்பகத்துக்கென்று ஓர் இடம் உண்டு. அது ராமுத்தாயின் மடி. ராமுத்தாய் பெரிய உடம்புக்காரி என்பதால் இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் குறையில்லை.

அன்று காலை ராமுத்தாய் இருமினாள். மடியில் இருந்த கற்பகமும் சேர்ந்து குலுங்கினாள். ராமுத்தாயின் உடம்புச் சூடு அவள் முதுகில் தெரிந்தது.

"காய்ச்சலாக்கா?"

"லேசாத்தான்."

கற்பகத்தின் மகள் முத்துப்பிரியாவுக்கு மூச்சிளைப்பு நோய். போன வருடம் சளிக்காய்ச்சல் என்று வந்து, ஆக்சிஜன் வைக்கும்வரை போய்விட்டது. "வீட்டில் எல்லோரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள். போட்டாயிற்றே என்று காய்ச்சல்காரர்களோடு ஒட்டி உட்காராதீர்கள்" என்றார் போடி ஆஸ்பத்திரி டாக்டர். கற்பகம், புருசன், பிள்ளை மூவரும் போட்டுக்கொண்டார்கள். ஒட்டி உட்காராமல் ஜீப்பில் எப்படிப் போவது என்று டாக்டர் சொல்லவில்லை.

கற்பகம் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பின்படியில் போய்த் தொங்கினாள்.

அடிவாரச் சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் நிறுத்தினார். இத்தனை பேரை ஏற்றக்கூடாது என்று அவர் அரைமணி நேரம் நிற்க வைப்பதும், டிரைவர் தங்கபாண்டி தலையைச் சொறிவதும் வழக்கம்.

"ஏம்மா வெளிய தொங்குற?"

"உள்ள காய்ச்சலு சார்."

அவர் தார்ப்பாயை விலக்கினார். ராமுத்தாய் இருமினாள். தார்ப்பாய் விழுந்தது.

"போங்க, போங்க."

மறுநாள் ராமுத்தாய் வரவில்லை. ஜீப்பு அவள் வாசலில் நின்று ஹாரன் அடித்தது.

"வெரசா வா ஆத்தா!" என்றான் தங்கபாண்டி.

"முடியலப்பு. படுத்துக்கிறேன்."

"நீ காயெடுக்க வேணாம். சாவடியில இருமு, போதும்."

ஜீப்பில் இருந்தவர்களுக்கு இது நியாயமாகவே பட்டது. பிந்திப் போனால் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவார்.

"அது படுக்கட்டும்ணே" என்றாள் கற்பகம். "ஃப்ளூ ஊசி போட்டிருந்தாலும் அதுகிட்ட ஒட்டிக்கிட்டா எம்பிள்ளைக்கு ஆகாது."

"அப்ப யாரு இருமுறது? ஓம் புருசனா?"

"நான் இருமுறேன். வண்டிய எடுங்க."

சாவடியில் தார்ப்பாய் விலகியது. கற்பகம் இருமினாள். முதலில் மெதுவாக, பிறகு விடாமல். நடுவில் மூச்சு விசில் மாதிரி இழுத்தது. தோள்கள் ஏறி அப்படியே நின்றன. ஜீப்புக்குள் சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் சிரிக்கவில்லை.

போலீஸ்காரர் தார்ப்பாயை விடவில்லை.

"இத வச்சுக்கிட்டு மலைக்கா போறீங்க? ஆஸ்பத்திரிக்குத் திருப்புய்யா!"

அவர் பார்த்துக்கொண்டே நின்றதால் ஜீப்பு போடிக்குத் திரும்பியது. அன்றைய வேலை எல்லோருக்கும் போனது.

"கொஞ்சம் கொறச்சு இருமியிருக்கலாம்ல தாயி" என்றான் தங்கபாண்டி.

"கொறச்சு இருமத் தெரியாதுண்ணே. எம்பிள்ள இப்படித்தான் இருமும்."

ஆஸ்பத்திரி வந்தது. தங்கபாண்டி வண்டியை ஓரங்கட்டி, சாவியை உருவினான்.

"வந்தது வந்துட்டோம். நீ போட்ட அந்த ஃப்ளூ ஊசிய எந்த டாக்டரு போடுறாரு?"